பைபர் படகில் ஓட்டை விழுந்தால்: கரையிலேயே வைத்து, நிலைத்து நிற்கும்படி ஒட்டுப் போடுவது எப்படி?

"சரக்கு சரியில்லண்ணே." போட்ட ஒட்டு பத்தே நாளில் பெயர்ந்துவிட்டது என்று படகைக் கொண்டு வருபவர்கள் முதலில் சொல்வது இதுதான். பெயர்ந்த துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தால், படகில் ஒட்டியிருந்த பக்கம் பீங்கான் தட்டு போல வழவழவென்று இருக்கும். ரெசின், அதாவது கண்ணாடி இழையோடு சேர்ந்து பைபராக இறுகும் பிசின், நன்றாகத்தான் இறுகியிருக்கிறது. படகைத்தான் பிடிக்கவில்லை.

புதுப் படகு கட்டும்போது ஈரம் காயும் முன்பே அடுக்கு மேல் அடுக்காகப் போடுவதால், எல்லாம் ஒரே உடம்பாக இறுகிவிடுகிறது. பழைய படகில் அது நடக்காது. என்றைக்கோ இறுகிப்போன பரப்பின் மேல் புது ரெசின் கவ்விப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே வேலையில் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. அது பைபர்தானா என்று பாருங்கள்

படகில் இந்தச் சந்தேகம் வராது. ஆனால் படகை ஒட்டப் பழகியவர்கள் அடுத்ததாக மொட்டை மாடித் தொட்டியில் கை வைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். வீடுகளில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் பாலித்தீன். அதில் ரெசின் ஒட்டவே ஒட்டாது. இறுகியதும் அப்பளம் போலக் கையோடு வந்துவிடும்.

சூடு காட்டிய ஊசியை ஒரு ஓரத்தில் குத்திப் பாருங்கள். பாலித்தீன் உருகி ஊசியை உள்ளே விடும். பைபர் உருகாது, கருகி நாற்றம் அடிக்கும். ஓரத்தை அரத்தால் தேய்த்தால் வெள்ளை இழை தலைகாட்டும். குளியலறைக் கதவு, வெளிச்சத்துக்காகக் கூரையில் போடும் அலைத்தகடு, பேருந்தின் முகப்பு, மின்வேலைக்காரர்களின் மஞ்சள் ஏணி ஆகியவற்றில் நிறையவே பைபர் உண்டு.

உருகாத இந்தக் குணம்தான் நம் வேலையைத் தீர்மானிக்கிறது. இரும்பைப் போலப் பற்றவைக்க முடியாது, பிளாஸ்டிக்கைப் போலச் சுட்டு ஒட்ட முடியாது. சேதமான பகுதியைச் செதுக்கி எடுத்து, அந்தப் பள்ளத்தில் புது இழையை வைத்து நிரப்ப வேண்டும். இழுவையைத் தாங்குவது கண்ணாடி இழை. அந்த இழைகளைப் பிடித்து வைப்பதும், தண்ணீர் புகாமல் காப்பதும் ரெசின். இழை அறுந்த இடத்தில் வெறும் ரெசினையோ புட்டியையோ (ரெசினில் மாவு கலந்த களிம்பு) பூசினால் ஒரு அலைக்குக்கூட நிற்காது.

2. முன்னதாக வாங்கி வைக்க வேண்டியவை

இழையில் இரண்டு வகை தேவை. முதலாவது மேட், அதாவது நறுக்கிய இழைகளைப் பாய் போலப் பரப்பியது. 450 ஜி.எஸ்.எம். கேளுங்கள், சதுர மீட்டருக்கு 450 கிராம் என்று பொருள். இரண்டாவது ரோவிங், அதாவது தடித்த இழையைத் துணி போல நெய்தது. இதில் 600 ஜி.எஸ்.எம். போதும். மேட் இடுக்குகளில் படிந்து ஒட்டும், ரோவிங் பலம் கொடுக்கும். ரோவிங் மேல் ரோவிங் வைத்தால் நடுவில் பிடிமானம் குறையும். அதனால் இடையிடையே மேட் வர வேண்டும்.

ரெசின் பாலியஸ்டர். தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதி என்றால் ஐசோ வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதா வகையைவிட விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீரில் அதிக காலம் நிற்கும். எபாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின் இன்னும் நன்றாகக் கவ்வும் என்பது உண்மை. ஆனால் சாதாரண மேட்டில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும் வகை. எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது, எனவே மேட் விறைப்பாகவே நின்று படியாமல் அடம்பிடிக்கும். எபாக்ஸி வாங்கினால் நெய்த துணியோடு மட்டும் பயன்படுத்துங்கள்.

இவை தவிர ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்), கோபால்ட் (அந்த இறுகலை வேகப்படுத்துவது; ஏற்கெனவே கலந்த ரெசின் கிடைத்தால் நல்லது, தனியாக வாங்க வேண்டாம்), அசிட்டோன், ஜெல்கோட் (படகின் வெளிப்பூச்சு), கிரைண்டர், 36 அல்லது 40 எண் தேய்ப்புத் தட்டு, இரண்டு அங்குலப் பிரஷ் மூன்று, சின்ன இரும்பு ரோலர், ஊசி இல்லாத சிரிஞ்சு இரண்டு, சமையலறைத் தராசு. தராசை அதன்பின் அடுப்படிக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, கையுறை, தூசிக்கு என்95 முகமூடி, ரெசின் ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி. இதில் கண்ணாடியில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். தெறித்துவிட்டால் உடனே நல்ல தண்ணீரை ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

3. சேதத்தின் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைவிடச் சேதம் எப்போதும் பெரியது. கல்லில் மோதிய இடத்தைச் சுற்றி அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கும்.

ஒரு நாணயத்தாலோ சுத்தியல் பிடியாலோ ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். அடுக்கு விட்ட இடத்தில் 'பொத் பொத்' என்று மந்தமாகக் கேட்கும். சத்தம் மாறும் இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போடுங்கள். உட்பக்கம் எட்டுமானால் அங்கேயும் பாருங்கள். நட்சத்திரம் போல வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தால் இழை வரை சேதம் போயிருக்கிறது. வெளிப்பூச்சில் மட்டும் மயிரிழை விரிசல், உள்ளே ஒன்றுமில்லை என்றால் கவலை வேண்டாம், ஜெல்கோட் வேலையோடு முடிந்துவிடும்.

ஒழுகும் இடம் தெரியவில்லை என்றால் படகை முட்டுக் கொடுத்து நிறுத்தி, உள்ளே நல்ல தண்ணீரை ஊற்றி, அடியில் கசியும் இடத்தைப் பாருங்கள். மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நுண்ணிய விரிசல் வழியே எண்ணெய் இழைக்குள் ஊறிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் மிச்சம் இருக்கும், அந்த இடத்தில் ரெசின் பிடிக்காது.

4. உப்பு போகக் கழுவி, எலும்பு வரை காய வையுங்கள்

படகைக் கவிழ்த்துப் போட்டு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் விடியற்காலையில் மறுபடி பிசுபிசுக்கும். கடல் தண்ணீரால் கழுவிவிட்டு 'காஞ்சிருச்சு' என்பது வீண் வேலை.

அவசரத்துக்குக் கடலில் வைத்து யாராவது பிசைந்து ஒட்டிய எபாக்ஸி இருந்தால் முழுவதையும் செதுக்கி எடுங்கள். பாலியஸ்டர் மேல் எபாக்ஸி நன்றாக ஒட்டும், எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது. தார் பூசியிருந்தால் அதைவிட மோசம்.

பிறகு வெயிலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வழி: சேதமான இடத்தின் மேல் பாலித்தீன் தாளை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வியர்க்கவில்லை என்றால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

வடகிழக்குப் பருவமழையில் இந்த வேலையை எடுக்கவே எடுக்காதீர்கள். கோடையே இதற்கு நல்லது. ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுக்காரர்கள் மராமத்துக்கு இறங்குவதும் அப்போதுதான். சரக்கை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. தேய்ப்பு: அவசரப்பட்டால் இங்கேதான் கெடும்

முதலில் அசிட்டோனால் துடையுங்கள், பிறகு தேயுங்கள். நிறையப் பேர் இதை மாற்றிச் செய்கிறார்கள். எண்ணெயும் மெழுகும் இருக்கும்போதே கிரைண்டரை வைத்தால், தட்டு அவற்றைச் சூடாக்கித் திறந்த இழைக்குள் தேய்த்துவிடும். பிறகு துடைத்தால் வராது.

அடுக்கு விட்ட பகுதி முழுவதையும் வெட்டி எடுங்கள். ஓட்டை பெரிதாகிறதே என்று மனசு கேட்காது. பரவாயில்லை, செத்த பகுதியின் மேல் போட்டால் புது ஒட்டும் அதோடு சேர்ந்து போகும். நீள விரிசல் என்றால் அதன் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டுவிடுங்கள். கூரான முனையில் குவியும் இழுவை வட்டத்தில் பரவிவிடும், விரிசல் மேற்கொண்டு ஓடாது.

அடுத்து ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். எவ்வளவு சரிவு? பலகையின், அதாவது படகுச் சுவரின், தடிமனைப்போல் 12 மடங்கு தூரத்துக்கு. 6 மி.மீ. தடிமன் என்றால் ஓட்டையின் விளிம்பிலிருந்து சுற்றிலும் 72 மி.மீ. தூரம் தட்டையாகச் சரிந்து வர வேண்டும். 5 செ.மீ. ஓட்டைக்கு ஒட்டு ஏறக்குறைய 20 செ.மீ. அகலம் வரும். புதிதாகச் செய்பவர்கள் நம்பாமல் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். 2 செ.மீ. சரிவோடு நிறுத்திவிடுவார்கள்.

காரணம் எளிது. ஒட்டின் விளிம்பு செங்குத்தாக இருந்தால், படகு அலையில் விழும்போது வரும் இழுவை முழுவதும் அந்த ஒரு கோட்டில் இறங்குகிறது. நீண்ட சரிவில் அதே இழுவை உள்ளங்கை அகலத்துக்குப் பங்கிட்டுப் போகிறது. கயிறு முறுக்கிச் சேர்ப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். இரண்டு முனையையும் நீளமாகப் பிரித்துப் பின்னினால்தான் இணைப்பு நிற்கும்.

தேய்த்து முடித்த பரப்பு மங்கலாக, வெண்மையாக, விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்க வேண்டும். எங்கேயாவது பளபளப்பு மிஞ்சியிருந்தால் அங்கே ஒட்டாது. தூசியைப் பிரஷால் தட்டி, சுத்தமான துணியை அசிட்டோனில் நனைத்து ஒரே ஒரு முறை துடைத்து, ஆவியாக விடுங்கள். இதன் பிறகு அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். உள்ளங்கை வியர்வையிலும் எண்ணெய் இருக்கிறது, தடவாதீர்கள்.

தேய்த்த தூசி தோலில் குத்தி அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்திலும் மணிக்கட்டிலும் பவுடர் பூசிக்கொள்ளுங்கள். குளிக்கும்போது குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றுங்கள், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு ஊற வைத்தால் குடும்பமே சொறியும். எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்தது, இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

6. ஓட்டைக்குப் பின்னால் ஒரு தாங்கல்

ஈரமான மேட் ஓட்டைக்குள் தொங்கிவிடாமல் இருக்க அடியில் ஏதாவது வேண்டும். உட்பக்கம் எட்டுமானால் ஒரு ஒட்டுப்பலகைத் துண்டில் பாலித்தீன் தாளைச் சுற்றி, உள்ளிருந்து முட்டுக் கொடுங்கள். பாலித்தீனில் ரெசின் ஒட்டாத குணம் இங்கே நமக்கு உதவுகிறது.

உட்பக்கம் தளம் போட்டு அடைத்திருந்தால், ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய மெல்லிய பைபர் தகட்டை முன்னமே செய்துகொள்ளுங்கள். நடுவில் கம்பி கோர்த்து, சாய்த்து உள்ளே விட்டு, ஓரத்தில் புட்டி தடவி இழுத்துப் பிடித்துக் கட்டிவிடுங்கள். இறுகியதும் கம்பியை நறுக்கிவிடலாம். அடைத்த அறைக்குள் மிதப்புக்காகத் தெர்மாகோல் வைத்திருந்தால் கவனம். பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் சர்க்கரைப் பாகாகக் கரைந்துவிடும். படகு கவிழ்ந்தால் நம்மைத் தாங்க வேண்டியது அதுதான்.

7. துண்டுகளை முதலிலேயே வெட்டி அடுக்குங்கள்

ரெசின் கலந்த பிறகு கத்தரிக்கோலைத் தேடுபவர் தோற்றார். 450 மேட் ஒரு அடுக்கு இறுகினால் ஏறக்குறைய 1 மி.மீ., 600 ரோவிங் அதைவிடச் சற்றுக் குறைவு. 6 மி.மீ. பலகைக்கு மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட், மேட் என்று ஆறு அடுக்கு சரியாக வரும்.

முதல் துண்டு சரிவு முழுவதையும் மூடும் அளவு. அடுத்தடுத்தவை படிப்படியாகச் சிறியவை. சிறியதை முதலில் வைப்பவர்களும் உண்டு. நான் பெரியதிலேயே தொடங்குகிறேன். அந்த ஒரே துண்டு பழைய பரப்பு முழுவதையும் இடைவெளி இல்லாமல் கவ்வுகிறது, கடைசியில் மட்டம் தேய்க்கும்போது அது அறுபடுவதும் இல்லை. மேட்டின் ஓரத்தை வெட்டாமல் கையால் பிய்த்தால் விளிம்பு மெலிந்து படியும்.

8. ரெசின் கலப்பது

காலை வெயில் ஏறி, பனி ஈரம் போன பிறகு தொடங்கி, பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மதிய வெயிலில் கலவை டப்பாவிலேயே இறுகிவிடும். மாலையில் கடல்காற்று மணலைக் கொண்டுவந்து ஈர ரெசினில் தூவும்.

கோபால்ட் தனியாக வாங்கியிருந்தால், டப்பாவில் எழுதிய அளவுக்கு அதை முதலில் ரெசினில் விட்டு முழுக்கக் கலக்குங்கள். அதன் பிறகே ஹார்ட்னர். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேருக்கு நேர் சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு கேட்டது இதற்காகத்தான்.

ஹார்ட்னர் எடையில் 1 முதல் 2 சதவீதம். 100 கிராம் ரெசினுக்குச் சிரிஞ்சில் 1.5 மி.லி. என்று தொடங்குங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கூட ஊற்றினால் நொறுங்கும் தன்மை வரும். குறைத்தால் எத்தனை நாளானாலும் இறுகாது. 'மூடியால் ஒரு மூடி' என்ற கணக்கில் கலப்பவர்களின் ஒட்டு ஒரு நாள் ஒரு மாதிரி இருப்பதில் ஆச்சரியமில்லை.

மேலே சொன்ன 20 செ.மீ. ஒட்டுக்கு மொத்தம் 200 கிராம் ரெசின் தாராளம். இரண்டு தடவையாகக் கலந்துகொள்ளுங்கள். இறுகும்போது ரெசின் சூடாகும். ஆழமான டப்பாவில் மிஞ்சியது புகையவே தொடங்கும், அதைக் குப்பையில் போடாமல் தண்ணீர் உள்ள தகரத்தில் போடுங்கள். ஸ்டைரீன் ஆவி 31, 32 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. நம் கரையில் அது காலைப் பத்து மணி வெப்பம். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது.

9. ஒட்டுதல்

தேய்த்த பரப்பில் முதலில் ரெசின் பூசுங்கள், அதன் மேல் மேட், அதன் மேல் இன்னும் ரெசின். உலர்ந்த மேட்டை உலர்ந்த பரப்பில் வைத்து மேலிருந்து ஊற்றினால் அடியில் காற்று அடைபடும். எடைக் கணக்கில் மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டேகால் மடங்கு ரெசின், ரோவிங்குக்குச் சம எடை.

பிரஷை வண்ணம் அடிப்பது போல இழுக்காதீர்கள், இழை சுருண்டு வரும். செங்குத்தாகக் குத்திக் குத்தி எடுங்கள். மேட்டின் வெள்ளை மறைந்து அடிப்பரப்பு தெரிய வேண்டும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் ரெசின் இறங்கவில்லை. பிறகு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் குமிழிகளைத் தள்ளுங்கள்.

மூன்று அடுக்கு முடிந்ததும் நிறுத்தி, அது இறுகிச் சூடு தணியட்டும். ஆறையும் ஒரே மூச்சில் போட்டால் வெப்பம் குவிந்து ஒட்டு வளையும், விரியும். மீதி அடுக்குகளை அன்றைக்கே போட்டுவிட்டால் நடுவில் தேய்க்க வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி சொரசொரப்பாக்கித்தான் ஆக வேண்டும்.

10. இறுகியதா?

ஓரிரு மணி நேரத்தில் கல்லாகும், ஆனால் முழுப் பலம் வர ஒரு வாரம் ஆகும். மேல்பரப்பு லேசாகப் பிசுபிசுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காற்று படும் இடத்தில் பாலியஸ்டர் அப்படித்தான் இருக்கும், அசிட்டோனால் துடைத்தால் போய்விடும். அடியிலும் நகம் பதிகிறது, மறுநாளும் காரமான ரெசின் வாடை அடிக்கிறது என்றால் ஹார்ட்னர் போதவில்லை. அதன் மேல் ஹார்ட்னரைத் தடவினால் சரியாகாது. முழுவதையும் சுரண்டி எடுத்து ஐந்தாவது படியிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை.

11. ஜெல்கோட்

ஒட்டைப் பக்கத்துப் பரப்போடு மட்டமாகத் தேய்த்து, அரை மி.மீ. அளவுக்கு ஜெல்கோட் பூசுங்கள். தடிப்பாகப் பூசினால் விரிசல் விடும். இதுவும் காற்றில் பிசுபிசுக்கும் என்பதால் மெழுகுக் கரைசல் கலந்த வகையை வாங்குங்கள், அல்லது பூசியதும் பாலித்தீன் தாளை மேலே ஒட்டி மூடுங்கள். செலவு மிச்சம் என்று இதை விட்டுவிட்டால், வெயில் ரெசினைத் தின்று இழை வெளியே தெரியத் தொடங்கும். பழைய கூரைத் தகட்டைத் தொட்டால் கை அரிப்பது அதனால்தான். கார் புட்டியைத் தண்ணீருக்கு அடியில் பயன்படுத்தாதீர்கள், அதில் உள்ள மாவு தண்ணீரை உறிஞ்சும்.

12. கடலில் இறக்கிய பிறகு

மூன்று நாளாவது கரையில் விட்டு இறக்குங்கள். ஒரு வாரம் விட முடிந்தால் இன்னும் நல்லது.

முதல் நாலைந்து முறை தொழிலுக்குப் போய்வந்த பிறகு ஒட்டின் விளிம்பைப் பாருங்கள், நாணயத்தால் தட்டிப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு வந்தால் அந்த ஓரம் கவ்வவில்லை. அந்த ஓரத்தை மட்டும் இப்போதே தேய்த்து ஒட்டிவிடலாம். இன்ஜின் மாட்டும் பின்பலகையில் விரிசல் திரும்பத் திரும்ப வந்தால் ஒட்டைக் குறை சொல்லாதீர்கள். போல்ட்டு தளர்ந்து இன்ஜின் ஆடுகிறதா, உள்ளே இருக்கும் மரம் ஊறிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். மரம் ஊறியிருந்தால் அதை மாற்றாமல் மேலே எத்தனை மேட் போட்டாலும் வீண். மணலில் இழுத்துத் தேயும் அடிப்பகுதியில் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு அடுக்கு மேட் கூடுதலாகப் போட்டு வையுங்கள். ஓட்டை விழுவதற்கு முன்பே முடிகிற அரை நாள் வேலை அது.